மூக்காயியின் தொண்டையும் எருமையின் மடியும்

விராலிமலை மெயின் ரோட்டில் என் டீக்கடை. பால் மூக்காயி வீட்டு எருமையினுடையது. 1957 தை மாதம் ஒரு காலையில் அந்தப் பால் வரவில்லை. பதினோரு பேர் காலி கிளாசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே அவள் வீட்டுக்கே போனேன்.

மூக்காயி எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். முதல் நாள் எருமை, அடுத்த தெருவில் பால் விற்கும் சொர்ணவல்லியின் கடலைக்கொல்லையில் மேய்ந்துவிட்டது. அதில் வந்த சண்டையில் மூக்காயி பொழுது சாயும்வரை கத்தி ஜெயித்திருக்கிறாள். தொண்டைதான் போய்விட்டது. வாயைத் திறந்தால் கரகரவென்று ஆம்பளைக் குரல் வந்தது. யாரோ அந்நியன் என்று எருமை மிரண்டு, மடி கல்லாகக் கனத்தும் ஒரு சொட்டு விடவில்லை.

"நாளைக்கும் பால் வரலைன்னா சொர்ணவல்லிகிட்ட வாங்கிக்குவேன்," என்றேன். நான் அப்படித்தான், யோசிக்காமல் பேசிவிடுவேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. அவளையும் புருஷன் மலையாண்டியையும் டாக்டர் ஆத்மநாதனிடம் நானே கூட்டிப்போனேன்.

டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற பூவரசில் இலை பறித்துச் சுருட்டி, நுனியை நசுக்கி ஊதினார். பீப்பீ என்று சத்தம் வந்தது.

"நுனியில ரெண்டு ஓரமும் ஒட்டி ஒட்டிப் பிரியுது பாருங்க. தொண்டையிலயும் இப்படி ரெண்டு மடிப்பு இருக்கு. மூச்சு கீழேருந்து முட்டினா பிரியும், ஒடனே திரும்ப ஒட்டும். பொம்பளைங்களுக்கு ஒரு செகண்டுல எரநூறு தடவ. அந்த அதிர்வுதான் கொரலு. இந்தம்மாவுக்கு மடிப்பு வீங்கித் தடிச்சு மெதுவா ஆடுது. நாலு நாள் பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது."

"பேச்சுச் சத்தம் கேக்காம எரும பால் தராதுங்களே," என்றான் மலையாண்டி.

"அப்ப நீங்க பேசுங்க. தொண்டைய இறுக்கிக் கீச்சுன்னு பேசினா மடிப்பு இழுபட்டு வேகமா ஆடும். பொம்பளக் கொரலு வரும்."

மறுநாள் காலை நானும் போய் நின்றேன். மூக்காயி கறக்க உட்கார்ந்தாள். மலையாண்டி அவள் சேலையைப் போர்த்திக்கொண்டு, "என் ராசா மலையாண்டி, சாப்பிட்டியாய்யா?" என்று கீச்சிட்டான். எருமை விட்ட உதையில் செம்பு குப்பைமேட்டில் போய் விழுந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஐந்து வருஷமாகக் கறக்கும் நேரத்தில் அந்த எருமை கேட்டது மூக்காயி புருஷனை ஏசுவதை மட்டும்தான்.

"ஏசுய்யா! ஒன்னையவே ஏசு!" என்றேன்.

"ஏய்யா தண்டச்சோறு, கூரைக்குக் கீத்து வாங்கியாரச் சொல்லி எத்தன மாசமாச்சு?" என்றான் மலையாண்டி, தயங்கித் தயங்கி. எருமை காதைத் தொங்கவிட்டு அசைபோட்டது. பால் சர்சர்ரென்று இறங்கியது.

அப்புறம் அவனுக்கே சூடு பிடித்துக்கொண்டது. தன்னைப் பற்றி ஏச இவ்வளவு இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. மூன்றாம் நாள் தன் ஏச்சைத் தானே தாங்கமாட்டாமல் போய்க் கீற்று வாங்கிவந்து கூரை வேய்ந்தான்.

ஐந்தாம் நாள் மூக்காயிக்குக் குரல் திரும்பிவிட்டது. பாதிக் கறவையில் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "எனக்காக எம்புட்டுப் பாடுபட்டய்யா," என்றாள் மெதுவாக.

எருமை பாலை அடக்கிக்கொண்டது.

"ஐயோ, அதெல்லாம் அப்புறம் சொல்லு மூக்காயி! இப்ப ஏசு!" என்று பதறினான் மலையாண்டி.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலே புதுக் கூரையைப் பார்த்தாள். "கீத்தை இப்படியா கட்டுவாக, கூறுகெட்ட மனுசா!"

சொர்ணவல்லி வீடுவரை கேட்டிருக்கும். செம்பில் நுரை பொங்கியது. மலையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்: "வந்துருச்சுங்க, எம்பொண்டாட்டி கொரலு."