ஆளில்லாத உப்பளம்

1927ஆம் வருடம், கத்திரி வெயிலில், பகல் இரண்டு மணிக்கு, காலடிப்பேட்டை வரதனின் மகள் பூவம்மா மூச்சு விட்டபோது வாயிலிருந்து வெண்புகை வந்தது. அதே வாரம் கருவாட்டின் விலையும் ஏறியது. தெருவில் முதலில் பேசப்பட்டது கருவாடுதான்.

புகைக்குக் காரணமான படம் சித்திரைக் கடைசியில் வந்தது. ராயபுரத்தில் ஒரு துரை சீமைக்குக் கப்பலேறியபின் அவர் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். எண்ணூர் அளத்தில் உப்பு வாரும் வரதன் நாற்காலி எடுக்கப் போய்ப் படத்தோடு திரும்பினான். சட்டத்துக்குள் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. இலையில்லாத சில மரங்கள். தொலைவில் ஒரு வீடு, அதன் சன்னலில் மஞ்சள் வெளிச்சம். உறைபனியைக் கண்டிராத வரதன் அதை உப்பு என்றே எடுத்துக்கொண்டான். அவ்வளவு விளைச்சலைக் கனவிலும் கண்டதில்லை. பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது. அவன் மனைவி அங்கம்மா எட்ட நின்றே பார்த்தாள்.

"இம்மாம் உப்பு கீது, வார்றதுக்கு ஒரு ஆளு இல்லியே. ஒரு காக்கா கூட இல்ல."

"உன் மூஞ்சியப் பார்த்து ஓடிட்டானுங்க" என்றான் வரதன்.

புது உப்பை வீட்டுப் பெண்குழந்தை முதலில் தொடுவது அவர்கள் வழக்கம். தொட்ட அளம் அந்த வருடம் முழுக்க அவள் பெயரில் விளையும். வரதன் கற்பூரம் ஏற்றி, மகளைத் தூக்கி, அவள் உள்ளங்கையைப் படத்தில் வைத்தான். கை ஈரமாகத் திரும்பியது. மறுநாள் காலை, படத்துக்குள் வெள்ளையின் ஓரத்தில் சிறிய கால்தடங்கள் இருந்தன.

அவை அந்த வீட்டை நோக்கி நீண்டன. பூவம்மா எங்கும் போகவில்லை. முற்றத்தில் ஆடினாள், கூழ் குடித்தாள். ஆனால் அவள் நடந்தால் தடம் நீண்டது, உட்கார்ந்தால் நின்றது. அங்கம்மா படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். சுவர் சில்லிட்டது. எரிக்கத் துணிவில்லை, பிள்ளையும் எரிந்துவிட்டால்? கடைசியில் மகளை மடியில் இறுக்கிக்கொண்டு அசையவிடாமல் உட்கார்ந்தாள். தடங்கள் நின்றன. பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது, கண் சொருகியது. புகை வந்தது அப்போதுதான்.

சீமைக் கப்பல்களில் கரி அள்ளிய பக்கத்து வீட்டுக் கமால் எட்டிப் பார்த்தான். படத்தைத் திருப்பியவன் ஓரடி பின்வாங்கினான்.

"உப்பு இல்ல தங்கச்சி, ஐசு. அங்கெல்லாம் வானத்துலேந்து கொட்டும். அதுல குந்தினா தூக்கம் வரும். தூங்கினவன் ஏந்திரிச்சு நான் பார்த்ததில்ல. நடக்க வையி."

"நடந்தா அந்த வூட்டுக்குப் பூடுவாளே!"

"வேற வூடு இன்னா கீது அங்க?"

அங்கம்மா அந்த வீட்டைப் பார்த்தாள். யாரோ குறுக்கே போனதுபோல் சன்னல் வெளிச்சம் ஒரு கணம் மறைந்து திரும்பியது. மகளின் காலைத் தொட்டாள். கட்டையாக இருந்தது. மடியைத் தளர்த்தினாள்.

தெருவே வெயிலில் வெந்துகொண்டிருக்க, பூவம்மாவை முற்றத்தில் நடத்தினார்கள். பெண்கள் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார்கள். வரதன் படத்தின் முன்னால் நின்று தூரம் சொன்னான். "மகாராணி மாதிரி நடக்காதடி பூவு, ஓடு!" என்று கத்தும்போது அவன் குரல் உடைந்தது. பொழுது சாய்வதற்குள் பிள்ளையின் உதட்டில் நிறம் திரும்பியது. தடங்கள் அந்த வீட்டு வாசற்படியில் முடிந்தன. வந்தவர்கள் உலை வைக்கத் திரும்பினார்கள். விற்காத மீனைச் சிலர் படத்தடியில் வைத்துவிட்டுப் போனார்கள், காலைவரை கெடாது, கருவாடு போட வேண்டியதில்லை என்று.

பூவம்மா முற்றத்தின் நடுவில் நின்றாள். விரலை மடக்கி வெறுங்காற்றில் தட்டினாள். மரக்கதவு தட்டும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்துத் தாழ்ப்பாள் விலகும் சத்தமும் கேட்டது. இருட்டத் தொடங்கியிருந்த முற்றத்தில் அவள் முகத்தில் மட்டும் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. அவள் தலையை நிமிர்த்தி, உயரமான யாரையோ பார்த்தாள்.

அங்கம்மா மகளின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"யாருடி தொறந்தது, பூவு?"