சிவப்பு ராக்கெட்

வீட்டில் பட்டாசு என்று கூப்பிடும் அந்தச் சின்னவளுக்கு யாராவது விட்டுக்கொடுத்தால் பிடிக்காது. ஏழு வயதுக்கு அத்தனை ரோஷம். அதனால்தான் அன்றைக்குக் கையிலிருந்த சீட்டையெல்லாம் மேசையில் வீசிவிட்டு, "அப்பா வேணும்னே தோக்குறாரு! நான் என்ன கைக்குழந்தையா?" என்று வீடே அதிரக் கத்தினாள்.

விளையாட்டு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. சீட்டுகளில் ராக்கெட், நிலா, வளையம் போட்ட சனி, வால் நட்சத்திரம் என்று படங்கள் இருக்கும். ஒவ்வொரு படமும் சிவப்பிலும் வரும், பச்சையிலும் வரும், நீலத்திலும் வரும். ஒரே படம், ஒரே நிறம், மூன்று சேர்ந்தால் ஒரு செட். "கிளம்பிடுச்சு!" என்று கூவிக்கொண்டு மேசையில் இறக்க வேண்டும். தப்பாக இறக்கினால் ராக்கெட் வெடித்துவிட்டது என்று கணக்கு, மூன்று சீட்டும் எதிராளிக்குப் போய்விடும்.

அப்பா இரண்டு சிவப்பு ராக்கெட்டோடு ஒரு பச்சை ராக்கெட்டைச் சேர்த்து இறக்கியிருந்தார். நகரத்துக்குள் ஓடும் மின்சார ரயிலுக்கு ஓட்டுநர் அவர். இந்த விளையாட்டில் அவரை ஜெயிக்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாக வெடித்துக்கொண்டே இருந்தார்.

"இல்லடா கண்ணு, சரியா கவனிக்கல. லைட்டு மங்கலா இருக்கு."

"ஆமா, லைட்டு மேல பழியப் போடுங்க," என்றாள் அவர் மனைவி. முன்னறையில் மெஷினைப் போட்டு அக்கம்பக்கத்துக்குத் துணி தைக்கிறவள். வாய்தான் கடிந்ததே தவிர, உள்ளுக்குள் அவளுக்குச் சிரிப்பு. மனிதர் காசநோயில் விழுந்து, விடுப்பில் கிடந்து, மாத்திரையை விழுங்கி விழுங்கித் தேறி, மாத்திரை இன்னும் மிச்சமிருக்க, இப்போதுதான் மறுபடி வேலைக்குப் போகிறார். மகளைச் சந்தோஷப்படுத்தத் தோற்கிறார் என்றே நினைத்துக்கொண்டாள். நடிக்கத் தெரியாத மனுஷன் இவ்வளவு நன்றாக நடிக்கிறாரே என்று மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

அப்புறம் அவர் மறுபடி ஜெயிக்க ஆரம்பித்தார். சீட்டு கைக்கு வந்ததும் அதன் மூலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு பார்வை, பிறகு "கிளம்பிடுச்சு!". பட்டாசும் சண்டை போடவில்லை. தோற்றுவிட்டுச் சிரித்தாள். அந்தப் பெண் தோற்றுச் சிரித்து யார் பார்த்திருக்கிறார்கள்? அங்கேயே தையல்காரிக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஒரு மத்தியானம் மேசையைத் துடைக்கும்போது சீட்டுக்கட்டு சரிந்தது. அடுக்கும்போதுதான் பார்த்தாள். சிவப்புச் சீட்டு ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி. பச்சைக்கெல்லாம் இரண்டு.

"ஏய், இங்க வா! திருட்டு ஆட்டமா ஆடுற நீ?"

பட்டாசு உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். திருட்டு என்ற சொல் அவளுக்குத் தாங்கவில்லை. வெடித்துவிட்டாள்.

"நான் ஒண்ணும் ஏமாத்தல! அப்பாதான் வைக்கச் சொன்னாரு. அவருக்கு செவப்பும் பச்சையும் ஒரே மாதிரி சாணிக் கலர்ல தெரியுதாம். மாத்திரை முடிஞ்சா சரியாயிடுமாம். உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாரு."

தையல்காரி சிவப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாக இரண்டு சீட்டை எடுத்துப் பார்த்தாள். போன மாதம் சிவப்பு நூல்கண்டை எடுத்துத் தரச் சொன்னபோது பச்சையை நீட்டினார். கண்ணை எங்கே அடகு வைத்தீர்கள் என்று கேலி செய்தாளே, பாவி! இந்தக் காசநோய் மாத்திரை சிலருக்குக் கண்ணைப் பாதிக்கும், நிறத்தில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும், சீக்கிரம் மாற்றினால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டியவள் இவள்தான். வீட்டுக்கு வந்ததும் மறந்து தொலைத்தவளும் இவள்தான்.

உள்ளே அவர் மதிய டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தையல்காரி பட்டாசின் பையிலிருந்து ரப்பரை எடுத்தாள். ராக்கெட் சீட்டுகளை மட்டும் பிரித்து, புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அழுத்தித் தேய்த்ததில் ஒரு சீட்டு மடங்கிப்போனது. அவர் ஷூவை மாட்டிக்கொண்டு வந்தபோது மேசையில் சிவப்பும் பச்சையுமாக ராக்கெட்டுகள் பரப்பிக் கிடந்தன.

"ஒரு செட் எடுத்து வச்சுட்டுப் போங்க."

அவருடைய கண் முதலில் மூலைக்குத்தான் போனது. அங்கே ஒன்றும் இல்லை. மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்தா பாரு, சிக்னல் வேற, இது வேற," என்றார். "எந்த வெளக்கு மேல எரியும், எது கீழ எரியும்னு எனக்கு மனப்பாடம்."

"தூரத்துல வரப்போ? மேல கீழ தெரியாதப்போ?"

"மெதுவாத்தான் போறேன்."

மெதுவாகப் போகிறாராம்! அப்படியானால் தெரிந்தேதான் போகிறார். அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கேட்காத கேள்விக்கும் தானாகவே பதில் சொன்னார்.

"முந்தாநாள் ஒரு சிக்னல்ல நிறுத்திட்டேன். செவப்புன்னு நெனச்சேன். பச்சைல ஏன் நிக்கறீங்கன்னு கன்ட்ரோல் ரூம்லேர்ந்து கேட்டாங்க. பிரேக் சரியில்லன்னு சமாளிச்சேன்."

"அன்னிக்கு பச்சைய செவப்புன்னு நெனச்சீங்க. இன்னிக்கு செவப்ப பச்சைன்னு நெனச்சா? வண்டி பூரா ஆளுங்கங்க! சீட்டுக்குப் புள்ள புள்ளி வச்சா. சிக்னலுக்கு யாரு வைப்பா?"

"கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா கேபின்ல கால் வைக்க விட மாட்டாங்க. ஷெட்ல ஒரு மூலைல உக்கார வச்சுடுவாங்க." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "பார்வை திரும்பலன்னா? வண்டிய விட்டா எனக்கு என்ன தெரியும்? சொல்லு."

அவளுக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. ஆனாலும் வாசற்கதவில் போய்ச் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"செட்ட எடுத்து வைங்க. சரியா இருந்தா நானே வழிய விடுறேன்."

அவர் உட்கார்ந்தார். ஒவ்வொரு சீட்டாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், திருப்பினார், சாய்த்தார். கடைசியில் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தார். கிளம்பிடுச்சு என்று சொல்லவில்லை.

இரண்டு சிவப்பு. ஒரு பச்சை.

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் பிடிபடவில்லை. மகள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுடா. சரியா வச்சிருக்கேனா?"

பட்டாசு சீட்டுகளைப் பார்த்தாள். அப்பாவின் ஷூவைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"சரிதாம்பா," என்றாள். "செட்டுதான். நீதான் ஜெயிச்ச."

விட்டுக்கொடுத்தால் பிடிக்காதவளின் கண்ணில் நின்ற நீரை அவர் பார்த்தார். பிறகு குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்த்தார்.

"ஃபோன எடு," என்றார் மனைவியிடம். "கன்ட்ரோல் ரூமுக்கு நானே சொல்லிடறேன்."