பற்றவைக்காத மூலை

வெல்டர் கப்பல் வேலைக்குப் போன நாலாம் நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அவருடைய குரல் மட்டும் "ஏய், எவன்டா அது?" என்று அதட்டியது. கோழிக்கூட்டுக்குள் தலையை நீட்டியிருந்த நரி விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. வெல்டர் அந்நேரம் இரண்டு கடல் தள்ளி, ஏதோ ஒரு கப்பலின் அடிவயிற்றில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி, அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவள், தெருவுக்கெல்லாம் பைண்டர் அக்கா, தவிட்டுக் கிண்ணத்தோடு பின்வாசல் படியில் அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் ஜன்னலைத் திறந்து, "வந்துட்டாரா?" என்று விசாரித்தார். "இல்ல, குரல் மட்டும்தான்" என்றாள். "சரி, சரி" என்று அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கூட்டை வெல்டர் கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்கச் செலவழித்துக் கட்டியிருந்தார். அதுவரை பருந்துக்கு நாலு, மரநாய்க்கு ஆறு, தெருநாய்க்கு இரண்டு, நரிக்குக் கணக்கே இல்லை என்று கோழிகள் போயிருந்தன. கடையில் விற்கிற கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், நரியை வெளியே வைக்க உதவாது என்பது அவர் கட்சி. அதனால் விரல் நுழையாத கனத்த கம்பிவலை. நரி தோண்டும் என்பதால் வலையை மண்ணுக்குள் ஒன்றரை அடி இறக்கி வெளிப்பக்கமாக மடக்கிப் புதைத்தார். பருந்துக்காக மேலேயும் வலை, மரநாய் கொண்டியைத் தூக்கிவிடும் என்பதால் மேலே ஒன்று கீழே ஒன்று தாழ்ப்பாள். எல்லாம் ஆயிற்று, பின்பக்கத்து இடது கீழ் மூலை மட்டும் பாக்கி. அங்கே வரும்போது வெல்டிங் ராடு தீர்ந்துவிட்டது, கடை சாத்தியிருந்தது, விடிந்தால் வண்டி வந்துவிடும். கட்டுக்கம்பியை நாலு முறுக்கு முறுக்கிவிட்டு, "ரெண்டு வருஷம்தான், வந்து பத்த வைக்கிறேன்" என்று சொல்லிப் போனார். ஊருக்கெல்லாம் கதவு செய்து கொடுத்தவர் சொந்த வீட்டில் ஒரு மூலையை விட்டுப் போனதைத் தெரு கொஞ்ச நாள் பேசிச் சிரித்தது.

நரி அந்த மூலையைக் கண்டுபிடிக்க நாலு நாள்தான் ஆயிற்று. அதன் பிறகு மூன்று நாளைக்கு ஒருதரம் வந்து கம்பியைப் பல்லால் பிரிக்கும், தலையை நுழைக்கும், குழாயடிப் பக்கமிருந்து குரல் அதட்டும், ஓடிவிடும். நரி வராத நாளில் குரலும் வராது. பைண்டர் அக்கா மறுபடி முறுக்கி வைப்பாள். அச்சகத்தில் அவள் போட்ட முடிச்சு நாற்பது வருஷத்துக்கு அவிழாது. இந்த மூலையில் மட்டும் ஒரு நரிக்கு அவிழ்க்க முடிகிற அளவுக்குத்தான் முறுக்கினாள். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. புருஷன் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்தது, கேட்டாள்.

முதல் வருஷம் மாதம் ஒரு கடிதம் வந்தது. இரண்டாம் வருஷம் மொத்தமே இரண்டு. மூன்றாம் வருஷம், அவர் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவர் திரும்பக் கப்பல் ஏறவில்லை என்று கம்பெனிக்காரர்கள் ஒரே வரியில் எழுதினார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு வந்த தபால் எல்லாம் அந்த அதட்டல்தான். அதைக் கேட்டே அவருக்குச் சளி பிடித்ததைத் தெரிந்துகொண்டாள். முன்பல் ஒன்று போனதை அவளுக்கு முன்னால் பல் டாக்டர் கண்டுபிடித்தார். ஒருநாள் குரல் வாய் நிறையச் சோற்றோடு அதட்டியது. எங்கேயோ சாப்பிடுகிறார் என்று அன்றைக்கு அவளும் இன்னொரு கை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

எட்டாம் வருஷம் குரல் ஒருநாள் தாமதமாக வந்தது, இருமலோடு. அதற்குள் நரி நொண்டிக்கோழியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. அக்காவின் மடியில் ஏறி உட்காருகிற கோழி அது ஒன்றுதான். அவளுடைய எலக்ட்ரீஷியன் தம்பி இறகுகளைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீ கோழி வளக்குறியா, நரி வளக்குறியா?" என்று சத்தம் போட்டான். அவள் இறகுகளைப் பொறுக்கினாள். மறுநாள் அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, ஒரு வெல்டிங் மிஷினைத் தூக்கி வந்து மூலையை அடைத்துவிட்டான். நல்லதுதான் செய்தான், பாவம்.

நரி வந்தது, மூலையை மோந்து பார்த்தது, போய்விட்டது. ஒன்றரை மாதம் கொல்லையில் கோழிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. கோழிகள் கொழுத்தன. பைண்டர் அக்கா முந்நூறு பூகோளப் புத்தகங்களைத் தலைகீழாகத் தைத்து வைத்தாள். உயிரோடு இருக்கிறாரா, இருமல் நின்றதா, எதுவும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய் மண்டியிட்டு, தம்பி வைத்த பற்றை அறுக்க ஆரம்பித்தாள். சத்தம் கேட்டுத் தம்பி ஓடி வந்தான்.

"அவரு வந்து பத்த வைக்கிறேன்னு சொன்னாருடா."

"மாமா சொல்லி எட்டு வருஷம் ஆச்சுக்கா."

"ஆகட்டுமே. சொன்னாரா, இல்லியா?"

தம்பி அவள் பக்கத்தில் மண்டியிட்டான். பிறகு ரம்பத்தை வாங்கி, மிச்சத்தை அவனே அறுத்துக் கொடுத்தான். செவ்வாய்க்கிழமை நரி வந்தது. குரல் வந்தது. கரகரவென்றிருந்தது, ஆனால் வந்தது. அவள் படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

இன்னும் மூன்று வருஷம் இப்படியே போயிற்று. நரிக்கு இத்தனை ஆயுசு கிடையாது என்று கால்நடை டாக்டர் சொன்னார். நரியிடம் அதை யாரும் சொல்லவில்லை. அதன் முகவாய் வெளுத்தது, அக்காவின் காதோரமும் வெளுத்தது. குரல் தேய்ந்து தேய்ந்து, "எவன்டா" என்பதற்குப் பிறகு வெறும் மூச்சாக இருந்தது. அதற்கும் நரி மரியாதையாக ஓடியது.

பதினோராம் வருஷம் ஒரு வியாழக்கிழமை, நரி தலையை நுழைத்துவிட்டுக் காத்திருந்தது. குரல் வரவில்லை. கோழிகள்கூடக் கொத்துவதை நிறுத்திக் குழாயடியைப் பார்த்தன. ஒரு சாண் தூரத்தில் கொழுத்த பெட்டை நின்றது. நரி அதைத் தொடவில்லை. தலையை வெளியே எடுத்து, முன்கால்களைச் சேர்த்து வைத்து, அங்கேயே உட்கார்ந்தது. படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் ஜன்னலைத் திறந்தார், எதையும் விசாரிக்கவில்லை, சாத்தவும் இல்லை. வெள்ளியும் சனியும் அப்படியே போயின.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மிஷினை எடுத்துட்டு வாடா. அந்த மூலையப் பத்த வச்சிடு."

அவன் மிஷினைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். பற்றவைத்து முடிகிறவரை வலை நகராமல் அவள்தான் பிடித்துக்கொண்டாள். கட்டுக்கம்பித் துண்டை மட்டும் எடுத்துத் தன் ஊசிப் பெட்டியில் போட்டுக்கொண்டாள்.

இப்போது அந்தக் கூட்டில் முப்பத்தொரு கோழி. ஒன்றுகூடக் குறையவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு நரி வந்து, அடைத்த மூலைக்கு வெளியே உட்கார்ந்து காதைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. அவள் படியில் உட்காருகிறாள். வெளிச்சம் மங்குகிறவரை இருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிறகு அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "இருட்டிடுச்சு, கிளம்பு. நாளைக்குப் பாக்கலாம்" என்கிறாள். நரி எழுந்து போகிறது. அவள் இரண்டு தாழ்ப்பாளையும் ஒருதரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் விளக்கைப் போடுகிறாள்.