இது நீங்கள்தானா?

1

இந்தக் கதை பிறந்தது மோடத்தில் எரிந்த ஒரு சிவப்பு விளக்கிலிருந்து. சமூகம், அறச்சீற்றம் என்று பெரிய காரணம் ஏதாவது சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். பொய். திருவேற்காட்டில் நெட் போனது, எனக்கு எரிச்சல் வந்தது, எழுத உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

முதல் வரி இப்படி இருந்தது: "மாலை வெயில் கூரைமேல் மஞ்சளாய்ப் படிந்திருந்தபோது அகல்யா..." அடித்துவிட்டேன். கூரை என்ன கூரை, ஆஸ்பெஸ்டாஸ். அதன்மேல் படிவது வெயில் இல்லை, தண்டனை.

இரண்டாவது: "அகல்யா பி.இ. அவள் வீட்டில் அதற்குமுன் யாரும் பத்தாவது தாண்டியதில்லை." இதை வைத்துக்கொள்கிறேன்.

2

அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இன்று மாலை ஆறு மணிக்குள் சம்மதம் என்று பதில் போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மெயில் வந்ததே காலையில்தான். அம்மா வசந்தாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுப் போடலாம் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். சிவப்பு விளக்கு.

அவள் செல்போன் போன வாரம் தண்ணீர் டிரம்மில் விழுந்து செத்துப்போனது. அம்மாவின் பட்டன் போனிலிருந்து பிராட்பேண்ட் கம்பெனிக்கு அடித்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்."

"பண்ணிட்டேன்."

"இன்னொரு தடவ பண்ணுங்க மேடம்."

"இன்னொரு தடவயும் பண்ணிட்டேன்."

"பிரவுசர்ல எல்லாத்தயும் கிளியர் பண்ணிப் பாருங்க மேடம்."

பண்ணினாள். மெயில் கணக்கும் சேர்ந்து வெளியேறியது. விளக்கு சிவப்பாகவே இருந்தது. வாசலுக்கு வந்து பார்த்தால், தெருவுக்குக் குறுக்கே போகும் ஒயரைத் தண்ணி லாரி இழுத்து அறுத்துப் போட்டிருந்தது.

[இங்கே அந்தக் கம்பெனிப் பெண்ணைத் திட்டி அரைப் பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். அவளும் எவர் வீட்டிலோ முதல் பட்டதாரியாக இருப்பாள். எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாள்.]

3

ஷேர் வேன் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போட்டாள். சரியான பாஸ்வேர்டுதான். திரை நம்பவில்லை. உங்கள் போனைப் பாருங்கள் என்றது. எந்தப் போன்?

பிளஸ் டூ முடித்து, கவுன்சலிங்குக்கு மெயில் ஐடி கேட்டபோது, அந்தக் குடும்பத்தில் ஒரே ஒருவரிடம்தான் டச் போன் இருந்தது. தாய்மாமன் கஜபதி. பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுபவர். அவர் போனில் தொடங்கிய கணக்கு இன்னும் அதிலேயே கிடக்கிறது. எங்கள் வீடுகளில் மெயில் ஐடி அப்படித்தான், யாராவது ஒருவர் போனில் பிறக்கும். (எங்கள் என்று எழுதிவிட்டேன். அவர்கள் என்று திருத்திப் படிக்கவும்.)

சிக்கல் என்னவென்றால், மாமாவோடு பேச்சில்லை. அவள் பட்டம் வாங்கியதும் தெருமுனையில் பேனர் வைத்தார்: 'எங்கள் குலத்தின் முதல் இன்ஜினியர்.' அதில் அவள் படம் தபால்தலை அளவு. கூலிங் கிளாஸ் போட்ட மாமா ஆளுயரம். அகல்யா காய் நறுக்கும் கத்தியோடு போய் நட்டநடுவில் கிழித்தாள்.

4

மாமாவை வில்லனாக்கத்தான் திட்டம். மீசையெல்லாம் வைத்தேன். வாயைத் திறந்து கெடுத்தார். அகல்யா ரோட்டைத் தாண்டி அவர் வேனருகே போய் நின்றாள்.

"மாமா."

"யாரு? பேனர் கிழிக்கிற இன்ஜினியரம்மாவா?"

"உங்க போன்ல என் மெயில் கீதா?"

"கீது. டிங்கு டிங்குனு வந்துகினே கீது. ஆமா பாப்பா, ரிக்ரெட்னா இன்னா?"

வேலை இல்லை என்று கம்பெனிகள் அனுப்பிய மெயில்களைச் சொல்கிறார்.

"வேன்ல வர்ற ஒரு சாரைக் கேட்டேன். வருத்தம்னு அர்த்தமாம். ஊர்ல கீற கம்பெனிக்காரன்லாம் உனுக்கு எதுக்கு வருத்தம் தெரிவிக்கிறான்? ஊட்ல எதுனா கெட்டது நடந்து எனுக்குச் சொல்லாம வுட்டீங்களோன்னு வாசல் வரைக்கும் வந்தேன். உங்கம்மா துணி காயப்போட்டுகினு இருந்துச்சு. சரின்னு பூட்டேன்."

(இதை நம்பாதவர்கள் இருப்பீர்கள். நானும் நம்பவில்லை. மாமா வேவு பார்த்தார் என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். அவருக்குப் பொருந்தவில்லை.)

"இப்ப ஒரு மெசேஜ் வரும் மாமா. வந்ததும் அமுக்குங்க."

எதை என்று சொல்லாமல் ரோட்டைத் தாண்டி ஓடினாள். மறுபடி பாஸ்வேர்டு போட்டாள். மாமாவின் போன் தமிழில் கேட்டது: உங்கள் கணக்கில் நுழைய முயல்கிறார்கள். இது நீங்கள்தானா? கீழே இரண்டு பட்டன். ஆம், நான்தான். இல்லை, நான் இல்லை.

மாமா யோசித்தார். நேர்மையாக யோசித்தார். அமுக்கினார்.

அகல்யா திரும்பி ஓடி வந்தாள். "இல்லைன்னு அமுக்கிட்டீங்களா?"

"பின்ன? நான் எங்க நுழைஞ்சேன்? இங்கதான வண்டில குந்திகினு கீறேன்."

"நான்தான்னு போட்டிருக்கணும் மாமா."

"அது நீ. நான் எப்டி நான்தான்னு போடறது? பேனர்ல என் மூஞ்சி பெருசா கீதுன்னு கத்தி தூக்கினு வந்தவ நீதான?"

அகல்யா மறுபடி கடைக்கு ஓடினாள். 

(கவனமான வாசகர் கேட்பார்: கணக்கு மாமா போனில்தானே இருந்தது, அதிலிருந்தே பதில் போட்டிருக்கலாமே? அகல்யாவுக்கும் தோன்றியது. அவர் அமுக்கியபின். அதற்குள் அந்தப் போனிலிருந்தும் கணக்கு வெளியேறிவிட்டது.)

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்கிறது திரை. இந்த முறை மாமா நம்பருக்கு எஸ்எம்எஸ் வரும். ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு. அதிலும் தவறினால் கணக்கு நாளைவரை பூட்டு.

5

முடிவு அ: மாமா ஒன்றை அமுக்குகிறார். வேலை. புது பேனர், அதில் அகல்யா ஆளுயரம். சர்க்கரை அதிகம்.

முடிவு ஆ: போனில் சார்ஜ் தீர்கிறது. இது விதி இல்லை, என் சோம்பேறித்தனம்.

முடிவு இ: கம்பெனிக்கே போன் போட்டுச் சொல்கிறாள். நல்ல யோசனைதான். அந்த நம்பர் மெயிலுக்குள் இருக்கிறது.

மாமா வேன் கதவில் சாய்ந்து கேட்கிறார். "நீ சொல்லு பாப்பா. அது நானா, இல்லியா?"

வேன் நிறைய ஆட்கள் பார்க்கிறார்கள். அவள் சொல்ல வேண்டியது ஒரே வரி. "நீங்களும்தான் மாமா, ஆனா கொஞ்சம்..." அடித்தேன். "இந்த ஒரு தடவைக்கு மட்டும்..." அதையும் அடித்தேன். அவள் வாய்க்கு வராததை நான் எப்படி எழுதுவது?

6

இதுவரை எழுதியதை என் தோழி மைதிலிக்குப் படித்துக் காட்டினேன்.

"ஏய், அகல்யா நீதானடி?"

"இல்லை, நான் இல்லை" என்றேன். மாமா அளவுக்குக்கூட யோசிக்கவில்லை.

ஆறு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். "அண்ணாத்தே, வண்டிய எடு" என்று உள்ளேயிருந்து ஒருவர் கத்துகிறார். மாமா எடுக்கவில்லை. போன் டிங் என்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவளைப் பார்க்கிறார். அப்புறம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் போனை நீட்டுகிறார்.

"படிச்சவங்கதான? நீங்களே அமுக்குங்க."

திரையில் அதே கேள்வி. எனக்குச் சொல்ல வேண்டாம். அமுக்கினால் போதும்.