ஜெம்பர் பேருந்தின் இருக்கை

வாகிமான் ஜாவாத் தீவில் சுரபாயாவிலிருந்து ஜெம்பருக்குப் பேருந்து ஓட்டியவன். அவனுடைய இருக்கையின் ஸ்பிரிங் உடைந்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மாற்றித் தரும்படி முதலாளி தர்மாஜியிடம் பலமுறை கேட்டான். இடுப்பில் தொடங்கிய வலி தொடை வழியாக இறங்கிக் கால் விரல்கள் மரத்துப்போன பிறகும் கேட்டான். மற்ற ஓட்டுநர்களின் முன்னால் தர்மாஜி சிரித்தார்.

"உடம்பு வளையாதவனுக்கு வர்ற வலி இது. வீட்டுல போய்ப் படு."

அன்றே வேலை போயிற்று.

பிசியோதெரபிஸ்ட் லெஸ்தாரி அவனுக்குப் படம் வரைந்து காட்டினாள். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. வலி காலில் தெரிந்தாலும் கோளாறு இடுப்பில்தான். பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. ஆனால் படுத்தே கிடக்கக் கூடாது, குனிந்து எடை தூக்கக் கூடாது, பயிற்சியை விடக் கூடாது. கால் வலுவிழந்தாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்றாள்.

குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும்போதெல்லாம் வாகிமான் தர்மாஜியின் முகத்தை நினைத்து முணுமுணுத்தான்.

"யாரத் திட்டிக்கிட்டே செய்றீங்க, மாஸ்?" என்று மனைவி சுமி கேட்டாள். கணவனை அவள் அண்ணன் என்று பொருள்படும் 'மாஸ்' என்றே அழைப்பாள்.

"அவன நெனச்சாத்தான்டி முதுகு நிமிருது."

நிமிர்ந்ததும், அதே தடத்தில் ஓடும் இன்னொரு நிறுவனத்தில் சேர்ந்தான். அங்கே இருக்கை நன்றாக இருந்தது. வண்டி நிற்கும் இடமெல்லாம் இறங்கி நடந்தான். காப்பிக் கடையில் தர்மாஜியின் ஓட்டுநர்களைச் சந்தித்து, நரம்பு எப்படி நசுங்குகிறது என்று விளக்கினான். அவர்கள் ஒவ்வொருவராகத் தர்மாஜியை விட்டு இவனுடைய நிறுவனத்துக்கு வந்தார்கள்.

லெபரான் எனும் நோன்புப் பெருநாள் நெரிசலில் தர்மாஜிக்கு ஓட்டுநர் கிடைக்கவில்லை. அந்தச் சரிந்த இருக்கையில் தானே உட்கார்ந்து ஓட்டினார். ஜெம்பரில் பயணிகள் இறங்கியும் அவரால் எழ முடியவில்லை. பக்கத்தில் தன் வண்டியை நிறுத்தியிருந்த வாகிமான் ஏறிப் போய், அவரைக் குனியவிடாமல் தோளில் தாங்கி மெல்ல இறக்கினான்.

"எந்த டாக்டர்கிட்டப்பா போன?" என்று அவர் முனகினார்.

"காலு தூக்க முடியுதா, பாக்? ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?" என்று வாகிமான் பழைய மரியாதை மாறாமல் ஐயா போட்டுக் கேட்டான்.

இரண்டுக்கும் அவர் ஆமென்று தலையாட்டினார்.

"அப்ப சாக மாட்டீங்க. மொதல்ல சீட்ட மாத்துங்க, அப்புறம் டாக்டர் யாருன்னு சொல்றேன்."

பண்டிகை முடிந்ததும் இருக்கை மாறியது. வாகிமான் நேரில் போய் உட்கார்ந்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் லெஸ்தாரியின் முகவரியைச் சொன்னான். அதுவரை தர்மாஜி பட்ட வலிக்காக அவன் ஒரு கணமும் வருந்தவில்லை.