திரும்பி வரும் வயர்

"எரியுதா?" என்று என் கணவன் வெண்டல் கேட்டான்.

"இல்ல."

"சான்ஸே இல்ல. திரும்பப் பாரு."

திரும்பப் பார்த்தேன். கோல்ஃப் வண்டியின் முன்விளக்குகள் இரண்டும் சும்மாதான் இருந்தன. கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து அவனும் முறைத்துக்கொண்டிருந்தான், ஆனால் விளக்கை அல்ல, அதற்கு ஒரு முழம் இடதுபக்கம் இருந்த சுவரை. விழித்திரை கெட்டதிலிருந்து அவனுக்குப் பார்வையின் நடுப்பகுதி அழிந்துவிட்டது. ஓரத்தில்தான் கொஞ்சம் தெரியும். ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வேறொன்றைப் பார்க்க வேண்டும். என் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் என் காதுக்கு அப்பால் பார்ப்பான்.

ஒஹாயோவில் வாழ்நாள் முழுக்கக் கார்களுக்கு வயர் இழுத்தவன். ஃப்ளோரிடாவுக்கு வந்து இந்த ஓய்வுபெற்றோர் குடியிருப்பில் வீடு வாங்கிய பிறகும், கிறிஸ்துமஸ் ஊர்வலத்துக்கு எங்கள் பழைய பெட்ரோல் கோல்ஃப் வண்டியை அவனே ஜோடிப்பான். சர்ச்சுக்கும் சீட்டாட்டத்துக்கும் எல்லாரும் ஓட்டுகிற அதே வண்டிகள்தான், அன்று மாலை மட்டும் மாப்பிள்ளை ஊர்வலம் போல மினுக்கிக்கொண்டு வரும். இந்த வருடம் பெட்ரோல் வண்டியைத் தள்ளிவிட்டு ஒரு பழைய பேட்டரி வண்டி வாங்கினோம். பக்கத்து வீட்டு ஹாலிஸ் வந்து, "விளக்கு மாட்டுறதைக் கடையில விட்டுடலாமே வெண்டல், நீ எதுக்குக் கஷ்டப்படற?" என்றான். நல்ல மனதோடுதான் கேட்டான். வெண்டல் அன்று சாப்பாட்டைத் தொடவில்லை.

மறுநாள் என்னிடம் சொன்னான்: "கை உன்னோடது, மூளை என்னோடது. எரிஞ்சா நான் இன்னும் ஆளு. எரியலைன்னா இனிமே இந்த வீட்ல ஒரு பல்பு மாத்தக்கூட என்னைக் கூப்பிடாத." விளையாட்டாகச் சொல்லவில்லை.

அவன் சொன்னபடிதான் செய்தேன். இருக்கைக்கு அடியில் ஆறு பேட்டரிகள் வரிசையாக, ஒன்றோடொன்று கோத்தபடி. அவற்றின் நாற்பத்தெட்டு வோல்ட்டைப் பன்னிரண்டாக இறக்க ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து விளக்குக்குச் சிவப்பு வயர். விளக்கின் கறுப்பு வயரைப் பக்கத்தில் இருக்கும் இரும்புச் சட்டத்தில் முடுக்க வேண்டும். காரில் அப்படித்தான், வண்டியின் உடம்பே மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

"பெயிண்டைச் சுரண்டினியா?"

"வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கு."

கொஞ்ச நேரம் தாடையைத் தடவினான். "அப்போ சட்டத்துக்கே உயிர் வரல. பேட்டரி வரிசையோட கடைசி நெகட்டிவ்லேருந்து சட்டத்துக்கு ஒரு தடி வயர் போடு."

ஸ்பேனரோடு குனிந்தேன். குனிந்த இடத்தில், சட்டத்தில் ஏற்கெனவே ஒரு கறுப்பு வயர் திருகியிருந்தது. மெல்லியது, அழுக்கேறியது. நான் தபால் நிலையத்தில் கடிதங்களைப் பெட்டிவாரியாகப் பிரித்துப் போட்டவள். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதையும் எந்தப் பெட்டியிலும் போட்டதில்லை. விரலால் பிடித்துக்கொண்டே போனேன். இந்த வண்டியை எங்களுக்கு முன்பு வைத்திருந்தவன் கூரையில் ஒரு விசிறி மாட்டியிருந்தான்; அதற்காக இழுத்த வயர்.

"வெண்டல், இங்க ஏற்கெனவே ஒரு வயர் இருக்கு."

"கிடக்கட்டும். நீ மாட்டு."

"மாட்ட மாட்டேன்."

"மேக்ஸின், இது என் தொழில்டி!"

"உன் தொழில் கார். இந்த வயர் எங்கேருந்து வருதுன்னு முதல்ல கேளு. மூணாவது பேட்டரிலேருந்து வருது. நட்டநடுவுலேருந்து."

அவன் தொடையில் விரலால் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினான்.

"ஸ்பேனரைக் கீழ வை," என்றான். குரல் மாறியிருந்தது. "தூரமா வை. இங்க வா."

பக்கத்தில் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "நீ மட்டும் அதை மாட்டியிருந்தா பாதி பேட்டரியோட சக்தி மொத்தமும் அந்த நூல் வயர்ல பாஞ்சிருக்கும். தீதான். உன் மூஞ்சி அதுக்கு நேரா இருந்துச்சு." சுவரைப் பார்த்தபடியே சொன்னான், அதாவது என்னைப் பார்த்து. "போதும் மேக்ஸ். ஹாலிஸைக் கூப்பிடு. கடைக்காரனே செய்யட்டும்."

எனக்கு வந்ததே கோபம்!

"ஹாலிஸ் அவன் வேலையைப் பார்க்கட்டும். உனக்கு வேணுங்கிறது திரும்பி வர ஒரு வழிதானே? இரும்பை நம்பாத. போற ஒவ்வொரு சிவப்புக்கும் கூடவே ஒரு கறுப்பைப் பெட்டி வரைக்கும் திரும்பக் கொண்டுவர்றேன். ஆகுமா, ஆகாதா? அதை மட்டும் சொல்லு."

என் மணிக்கட்டை விட்டான். "ஆகும்," என்றான். அப்புறம், மெதுவாக: "கறுப்பு வயர் நிறைய வேணுமே."

விசிறி வயரைப் பேட்டரியிலிருந்து கழற்றி வீசினோம். சிவப்பையும் கறுப்பையும் ஜடை பின்னுவது போலச் சேர்த்து முறுக்கி, எங்கும் உரசாமல் கிளிப் போட்டு, ஃபியூஸ் வைத்து, கறுப்பெல்லாம் ஒரே பித்தளைப் பட்டையில் வந்து கூடும்படி செய்தேன். என் கைவேலையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? சுவிட்சைத் தட்டினேன். முன்விளக்கு, பின்விளக்கு, கூரை ஓரத்துச் சரவிளக்கு எல்லாம் ஒன்றாக எரிந்தன. வெண்டல் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தான். கை கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டான். ஜெயித்தவள் மாதிரியும் இருந்தது, அவனிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டவள் மாதிரியும் இருந்தது.

ஊர்வலத்தன்று நான் ஓட்டினேன். அவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹாலிஸின் வீட்டு வாசலைக் கடக்கும்போது அவன் கிறிஸ்துமஸ் தாத்தா குல்லாவோடு ஓடிவந்து கத்தினான்: "வெண்டல்! கண்ணு போனா என்னடா, கை போகலையே உனக்கு!"

"வண்டியை நிறுத்து," என்றான் வெண்டல்.

"பின்னாடி வரிசையா வர்றாங்க."

"நிறுத்துடி."

நிறுத்தினேன். தடவிக்கொண்டே இறங்கினான். "ஹாலிஸ், இங்க வா. குனி. கண்ணை மூடு."

"எதுக்கு?"

"மூடுறா. நான் விரலால எப்படித் தடவிப் பார்த்தேனோ அப்படிப் பாரு." ஹாலிஸின் விரலைப் பிடித்து முன்விளக்குக்குப் பின்னால் இருந்த வயரில் வைத்தான். "இது என் கை இல்ல, இவ கை. என் பேச்சைக் கேட்டிருந்தா இன்னைக்கு இவளும் இல்ல, வண்டியும் இல்ல. ம், பிடிச்சுட்டே போ."

பின்னால் ஹாரன்கள் அலறின. கலைமான் கொம்பு கட்டிய வண்டியிலிருந்து யாரோ, "என்னாச்சு, ரிப்பேரா?" என்று கேட்டார்கள். வெண்டல் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. குல்லா நழுவ, கண்ணை இறுக்க மூடி, முழங்காலால் தவழ்ந்தபடி ஹாலிஸ் வயரோடு வண்டியின் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தான்.

"எங்கயாவது தட்டுதா?"

"இல்ல."

"தட்டாது. இன்னும் போ."