மதர்போர்டில் சந்தனம்

முருகையனுக்கு வலது தோள் மூன்று நாளாகவே எரிந்துகொண்டிருந்தது. சிமெண்டு மூட்டை தோலை உரித்த இடத்தில் வியர்வை பட்டால் அப்படித்தான் எரியும். அந்தத் தோளில்தான் கம்ப்யூட்டர் பெட்டியை வைத்துக்கொண்டு மூலக்குளத்தில் பஸ் ஏறினான். ஐம்பது கிலோ மூட்டையை நாள் முழுக்கத் தூக்குகிறவனுக்கு எட்டுக் கிலோ தகரப் பெட்டி கனக்கக் கூடாது. கனத்தது.

கிளம்பும்போது பெண்டாட்டி மேனகா வாசலில் நின்று சொல்லியனுப்பினாள். "யோவ், நடந்தத அப்படியே சொல்லிடு. தெரியாம செஞ்சதுதான, தலையவா எடுத்துருவாங்க?"

"சொல்றேன், சொல்றேன்."

சொல்லத்தான் போனான்.

அந்தப் பெட்டி சும்மா வந்துவிடவில்லை. முருகையன் குடோனில் லோடுமேன். திருவிழாக் காலத்தில் கச்சேரி செட்டில் கீபோர்டு வாசிப்பான். இரண்டாயிரத்து ஆறு ஆடியில், கனகசெட்டிக்குளத்துக்காரர்கள் தங்கள் அம்மனுக்கு ஐந்து பாட்டு சிடியில் போட்டுத் தரச் சொல்லி முன்பணம் கொடுத்தார்கள். ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை அழுதால் கையில் ஒன்றும் நிற்காது. வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் போட்டுவிட்டால் இந்த ஐந்து பாட்டோடு நிற்காது என்று நினைத்து, டவுனில் சக்கரபாணி கடைக்குப் போனான்.

சக்கரபாணி எடுத்த எடுப்பில் புது மானிட்டர், கண்ணாடி வைத்த கேபினட் என்று விலை போட்டு நீட்டினார். அவர் டீக்குப் போன நேரம், அங்கே பெட்டி மாட்டுகிற சுலோசனா அந்தத் தாளை வாங்கி பேனாவால் அடித்தாள். முப்பது வயதிருக்கும், பாலிடெக்னிக் படித்தவள்.

"ண்ணா, கேம் ஆடவா போறீங்க? கிராஃபிக்ஸ் கார்டு எதுக்கு? கேபினட்டும் மானிட்டரும் பழசு போதும். மிச்சப்படறத மெமரியிலயும் சவுண்டு கார்டுலயும் போடுங்க. பாட்டு அங்கதான் இருக்குது."

"பழசுன்னா ஊத்திக்காதாம்மா?"

"உங்க கீபோர்டு புதுசா?"

அது மூன்று கை மாறி வந்தது. முருகையன் சிரித்துவிட்டான்.

பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்குகிற ஒரு கிழவர் வீட்டில் ஒதுக்கிப் போட்ட மானிட்டரை அவளே பேசி வாங்கிக் கொடுத்தாள். பெட்டியை மாட்டி ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். "இந்த ஃபேன் சத்தம் உங்க மைக்குல விழும்ணா" என்றவள், கிழிந்த சைக்கிள் டியூபைப் பொட்டுப் பொட்டாக வெட்டி, ஒவ்வொரு ஸ்குருவுக்கு அடியிலும் கொடுத்து முறுக்கினாள். சத்தம் பாதியாக அடங்கியது. அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

இரண்டு பாட்டு முடிந்த நிலையில் ஆயுத பூசை வந்தது.

சைக்கிளைக் கழுவினான். மூட்டைக் கொக்கியைத் தேய்த்துப் பொட்டு வைத்தான். கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தான். வெளியே இருப்பது வெறும் தகரம். வேலை செய்வதெல்லாம் உள்ளே. தகரத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு உழைக்கிறதை விடுவது என்ன நியாயம்? பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே தெரிந்த ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம், மாவிலையில் தொட்டு மூன்று தெளிப்பு மஞ்சள் தண்ணீர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் விஜயதசமி, மூன்றாவது பாட்டைத் தொடங்கலாம் என்று சுவிட்சைப் போட்டான். 'பட்' என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம். அதோடு சரி.

அன்று பொழுதுக்கும் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தான். உள்ளதைச் சொல்லப் போகிறவன் எதற்குச் சுரண்டுகிறான் என்று மேனகா கேட்கவில்லை. அவனும் கேட்டுக்கொள்ளவில்லை.

கடையில் சக்கரபாணி, இன் பண்ணிய சட்டைக்காரர்கள் இரண்டு பேரிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். மழைக்குக் குளிருமென்று மானிட்டருக்குக் கம்பளி போர்த்தின ஆளைப் பற்றிய கதை. மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். முருகையன் பெட்டியை இறக்கி வைத்தான்.

"தண்ணி கிண்ணி பட்டுச்சாப்பா?"

"இல்ல சார். சும்மா போட்டேன், பூடுச்சு."

வாயிலிருந்து அதுதான் வந்தது.

சுலோசனா மதர்போர்டைக் கழற்றித் திருப்பினாள். ஒரு ஸ்குருத் துளையின் ஓரத்தில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு அவனைப் பார்த்தாள். கோபமாக இல்லை. நேரம் கொடுக்கிற மாதிரி இருந்தது. முருகையன் சுவரில் காலண்டரைப் பார்த்தான்.

"இன்னா சுலோசனா?"

"ஷார்ட் ஆயிருக்குது சார்."

சக்கரபாணி எட்டிப் பார்த்தார். கண்ணில் பட்டது டியூப் துண்டுகள்தான்.

"இந்த பஞ்சர் கடை வேலையெல்லாம் யாரு உன்ன செய்யச் சொன்னது? ரப்பரு இளகி போர்டே போயிருக்கு. வாரண்டில எடுப்பானா இத? ரெண்டாயிரத்து நானூறு. மாசம் நானூறா உன் சம்பளத்துல புடிச்சுக்கறேன்."

அவள் மறுபடி முருகையனைப் பார்த்தாள்.

"சார்..." என்றான் அவன்.

"நீ பயப்படாதப்பா. எங்க தப்பு, நாங்க புதுசு மாட்டித் தரோம்."

இன் பண்ணிய சட்டைக்காரர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சரி சார்" என்றாள் சுலோசனா.

புது போர்டை மாட்டும்வரை முருகையன் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அவள் டியூப் வைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிவிட வெளியே வந்தவள், சட்டைக்கு மேல் ரத்தம் கசிந்திருந்த தோளைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை எடுத்து வந்தாள். அதைத் தோளில் போட்டு, பெட்டியை ஏற்றிவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்த வருசம் பொட்ட வெளியில வெச்சாலே போதும்ணா. சாமி ஒத்துக்கும்."

அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

"சொன்னியா?" என்று கேட்டாள் மேனகா.

"உம்" என்றான்.

சிடி வெளிவந்தது. கடைசி மூன்று பாட்டிலும் அடியில் ஃபேன் சத்தம் ஓடும். கனகசெட்டிக்குளத்தில் யாருக்கும் அது கேட்கவில்லை. இவனுக்கு மட்டும் கேட்டது. மீதிப் பணம் கைக்கு வந்ததும் அந்தக் கடை வரை போனான். சக்கரபாணி வாசலில் நின்றார். அப்படியே திரும்பி வந்து, ஒரு மைக் வாங்கினான். அதற்குப் பிறகும் இரண்டு தடவை கடைக்கு எதிர்ச்சாரி வரை போய் வந்தான். ஆறு மாதப் பிடித்தம் பங்குனியோடு முடிந்துவிட்டது.

முருகையன் சுலோசனாவுக்குத் தர வேண்டியது இரண்டாயிரத்து நானூறு ரூபாய். இன்னும் தரவில்லை.